சீத்தாப்பழ ஆமையின் நாலாவது கால்

அம்மாடி,

போன வாரம் நீ போட்ட இன்லண்டு கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது நான் சில வரிகளை முழுங்கிவிட்டேன். "வளைகாப்புக்கு வருகிறேன், ஆனால் பிரசவத்துக்கு அங்கே வரவில்லை, இங்கே அத்தை பார்த்துக்கொள்வார்கள்" என்பது வரைக்கும் சரியாகத்தான் படித்தேன். அதற்கடுத்து நீ எழுதியிருந்தாய்: "குழந்தைக்கு ஒரு துணிகூட நான் தைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். என் கை பட்ட எதுவும் தொட்டில் பக்கம் போகக்கூடாது." இதைக் கண்ணால் பார்த்தேன், வாயால் சொல்லவில்லை. "மற்றவை நேரில்" என்று நானாக ஒன்றைச் சேர்த்து முடித்துக் கடிதத்தை மடித்துவிட்டேன். உன் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தலப்பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்கு வராம இன்னாத்துக்கு அங்கியே இருக்கறேன்னுது? நாம இன்னா கொற வெச்சோம் அதுக்கு?" என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதாம் என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது இத்தனை வருஷமும் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து சொல்லிக்கொடுத்தவன், கட்டிய மனைவிக்கு மட்டும் சொல்லிக்கொடுக்காமல் விட்டேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். என் கை, என் கை என்று நீ எழுதியிருந்ததுதான் காதில் கேட்டது. உனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது உன் கை செய்தது ஒன்றே ஒன்று. ஒரு நூல் பொம்மை. சீத்தாப்பழம் மாதிரி ஓடு, நான்கு கால்கள் வைத்த ஒரு சின்ன ஆமை. ஏழு வருஷமாக நம் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் எடுப்பதில்லை. கடற்கரையில் ஆமை ஏறியிருக்கிறது என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னால்கூட நான் பேச்சை மாற்றிவிடுவேன். நீயும் அதைப் பேசினதில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நீ மறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

அந்த ஆமை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதை நான் எப்படிப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. மார்கழி கடைசியில் ஒரு விடியற்காலை உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தம்பி பிறந்து ஆறு மாதம், அம்மாவுக்குத் தூக்கமில்லை, நீயாவது வெளியே இரு என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோயிலுக்கு வடக்கே, வலை காயப்போடுகிற இடத்துக்கு அந்தப் பக்கம், முட்டையிட்டுவிட்டு ஒரு பெரிய ஆமை கடலைப் பார்க்கத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முதுகில் ஈரமணல் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, சீத்தாப்பழம் நடந்து போவுது பாரு" என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வருஷம் புரட்டாசியில் திருக்கழுக்குன்றத்து மலையிலிருந்து கூடைகூடையாக வந்த சீத்தாப்பழத்தை நீ தின்று தீர்த்ததெல்லாம் ஞாபகம் வந்தது. பழுக்காமல் மரத்திலேயே கறுத்துக் காய்ந்துபோன ஒரு பிஞ்சை நீ மாடத்தில் எடுத்து வைத்திருந்தாய். வீட்டுக்கு வந்ததும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அடுத்த நாளே எஸ்தரிடம் போய் நின்றாய்.

எஸ்தரைப் பற்றியும் எழுத வேண்டும், அவள் இல்லாமல் அந்த ஆமை இல்லை. ஊர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். நமக்கு இரண்டு வீடு தள்ளி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தாள். அவளைப் பெற்றவர்கள் செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவளைச் செங்கல்பட்டில் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். அங்கே கற்றதுதான் குரோஷா. முனையில் கொக்கி வளைந்த ஒரே ஓர் ஊசியும் ஒரு நூலுருண்டையும் போதும், மேசைவிரிப்பு, குழந்தைக் குல்லா எல்லாம் போடுவாள். நீ பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாய். உன் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவள் நம் வீட்டுக்கு வந்தால் வாசற்படியோடு நிற்பாள், நான் உள்ளே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாதி பார்க்கக்கூடாது என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன்தான் நான்.

நீ அந்த ஆமையை எத்தனை தடவை பிரித்துப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் நோட்டுப்புத்தகம் திருத்துகிற சாக்கில் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் ஓடு தட்டையாகவே வந்தது, தோசை மாதிரி. "சுத்துக்குச் சுத்துப் பின்னல் கண்ணு ஏத்திகினே போனா தட்டாத்தான் வரும். போதும்னு ஒரு எடத்துல ஏத்தறத நிறுத்து, அதுவே குயிஞ்சி கிண்ணமா நிக்கும்" என்று எஸ்தர் சொன்னதை நீ எனக்கு வந்து சொன்னாய். கிண்ணம் வந்தது, ஆனால் பழத்தின் மேலிருக்கும் குமிழ்கள் வரவில்லை. அதை அவளும் சொல்லித்தரவில்லை, அவளுக்கே தெரியாது. நீயாகத்தான் கண்டுபிடித்தாய். ஒரே கண்ணில் ஐந்து தடவை நூலை இழுத்து வைத்துக்கொண்டு, ஐந்தையும் சேர்த்து ஒரே முடிச்சில் அடைத்தாய். நூல் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. அசல் சீத்தாப்பழத்துக் கண். அன்றைக்கு நீ கத்திய கத்தலில் தம்பி எழுந்து அழுதான். தலையணையிலிருந்து இலவம்பஞ்சைத் திருடி உள்ளே அடைத்தாய், அம்மாவிடம் திட்டு வாங்கினாய். கண்ணுக்குக் குன்றிமணி வைத்துத் தைத்தாய், பிறகு நீயே அதைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டாய். ஏன் என்று கேட்டேன். "கொயந்த புடுங்கி வாய்ல போட்டுக்கினா?" என்றாய். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கவனம் இருந்தது, அம்மாடி. நாற்பதைத் தாண்டிய எனக்கு இல்லை.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. நீ ஓட்டைப் போட்டுக்கொண்டிருந்த அந்தத் தை மாதத்தில், பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்துகிறவர் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கையைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. பயந்து வேலியைத் தாண்டி ஓடின பையன்களைத் துரத்திப் பிடித்துக் கூட்டிவந்தேன். குத்திக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுடைய அப்பன்மார்களுக்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். உன் அம்மா தம்பியைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவனைத் தோளில் போட்டுக்கொண்டேதான் இத்தனையும் செய்தேன். கடைசியில் அவர் ரிஜிஸ்டரை எடுத்து, "சார், உங்க வூட்டுக் கொயந்த?" என்று கேட்டார். "போன மாசமே செங்கல்பட்டில் குத்தியாயிற்று" என்று சொன்னேன். அவர் குழந்தையின் சட்டைக்கையை விலக்கிப் பார்க்கவில்லை. வாத்தியார் சொன்னால் பொய் இருக்காது என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், குழந்தைக்குச் சளி இருக்கிறது, அடுத்த தடவை குத்திக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார் என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். காரணம் கொஞ்சம் பெரியதாக இருந்திருந்தால் இதை எழுத இவ்வளவு கூசியிருக்காது. மூன்றாம் நாள் செய்யூரில் என் பெரியப்பா மகன் கல்யாணம். வாழ்த்துமடல் வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். நானே நாற்பது வரி எழுதி, செங்கல்பட்டில் ரோஸ் தாளில் அச்சடித்து, கீழே என் பெயரைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருந்தேன். மைக் செட் வேறு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுவரைக்கும் நான் மைக்கில் பேசினதே கிடையாது. அம்மை குத்தினால் குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், கை வீங்கும், உன் அம்மா கிளம்பமாட்டாள், அவள் இல்லாமல் நான் மட்டும் போய் நின்றால் நன்றாக இருக்காது. இவ்வளவுதான் காரணம். என் பெயர் மைக்கில் கேட்க வேண்டும், என் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். "சளிக்கு ஊசி வோணாம், கல்யாணத்துக்கு மட்டும் போலாமா?" என்று உன் அம்மா அப்போதே கேட்டாள். கெட்டிக்காரி. நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் முழுங்கின வரியாகப் போய்விடும். கல்யாணத்தன்று காலை கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே ஏதோ ஒரு பிள்ளைக்கு அம்மை. கல்யாணம் நின்றுவிடும் என்று வீட்டார் வெளியே சொல்லவில்லை. நான் பார்த்தேன். வேப்பிலை என்றால் என்ன என்று தெரியாதவனா நான்? அப்போதே உங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். வாசிப்பு இன்னும் பாக்கி இருந்தது. பழைய வேப்பிலையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பந்தலுக்குப் போய் மைக்கைப் பிடித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன், கை தட்டினார்கள். தம்பி அந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவர் மடியாக மாறிக்கொண்டிருந்தான். மீந்த ரோஸ் தாள்களை உன் அம்மா இன்றைக்கும் அடுக்களை அலமாரியில் புளிப்பானைக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறாள். என் பெயர் தினம் என் கண்ணில் படுகிறது.

திரும்பி வந்து ஒரு வாரத்தில் நீ ஆமையை முடித்துவிட்டாய். அதை நீ கொண்டுவந்து காட்டினபோது உன் அம்மாதான் தயங்கினாள். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது நம் பக்கத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். "பழத்தப் போட்டிருக்கக் கூடாதா கண்ணு, இன்னாத்துக்குக் காலு வெச்ச?" என்றாள். நான் உடனே எழுந்து நின்று, பகுத்தறிவு, மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் செய்து, உன் கையிலிருந்து அதை வாங்கி, நானே ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டில் கயிற்றில் கட்டினேன். நீ கட்டவில்லை, நான் கட்டினேன். இதை நீ மறந்திருப்பாய் என்பதால் சொல்கிறேன். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தம்பி அதைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தான். நான்கு நாள் சிரித்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது.

அம்மை முத்துப்போட்டு மூன்றாம் நாள். உன் மாமா செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தார். தெருவில் நாலைந்து பேர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து படியில் நின்றாள். உன் மாமா, "ஊசி குத்திக்கினீங்கதான?" என்று கேட்டார். உன் அம்மா, சளி என்று அடுத்த தடவைக்குத் தள்ளிவிட்டார்களாம் என்று அழுதாள். அப்போது எஸ்தர் குழப்பமாக என்னைப் பார்த்தாள். "சார், நம்ம ரிஜிஸ்டர்ல பாப்பா பேருக்கு நேரா…" என்று ஆரம்பித்தாள். அவள் அதை முடித்திருந்தால் நான் அங்கேயே அம்பலமாகியிருப்பேன். என் கண் மேலே போயிற்று, ஆமை தெரிந்தது. எழுந்து அதைப் பிடித்து இழுத்தேன். ஒரு கால் கயிற்றோடு போயிற்று, மற்றது என் கையோடு வந்தது. "வீட்டுக்குள்ள ஆமையக் கொண்டாந்தா வேற என்ன ஆகும்? யாரு கொண்டாந்தது? இவதான்!" என்று உன்னைக் கை நீட்டிக் காட்டிக் கத்தினேன். அத்தனை பேர் முன்னால். அதை வாசலுக்கு வெளியே வீசினேன். நீ அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாய்.

அடுத்து எஸ்தரிடம் திரும்பினேன். "உங்க வீட்டுப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுக்குள்ள வந்ததால வந்த வினை. இனிமே இந்தப் படிய மிதிக்காத" என்று சொன்னேன். 'உங்க வீடு' என்று நான் எதைச் சொன்னேன் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது. அவள் ரிஜிஸ்டர் பேச்சை எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள். அதற்கு மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். தொட்டில் துணியையும் கயிற்றையும் கொளுத்தினார்கள். கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு காலும் அதோடு எரிந்துபோயிற்று. அதற்கப்புறம் நீ ஊசியைத் தொடவில்லை. எஸ்தருடைய கொக்கி ஊசியை அவள் ஜன்னலில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி வைக்க வந்தவர்களிடம்கூட, இந்தக் கைக்கு எதற்கு என்று நீ கேட்டதாக உன் அம்மா சொன்னாள். பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்தாள் பாவம். எனக்குத் தெரியும், நான் பந்தல்காரனைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் கேளம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். எஸ்தருக்கு அங்கே மாற்றலாகி நாலு வருஷம். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "இன்னா சார், ஏயு வருசம் கயிச்சு வயி தெரிஞ்சுதா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டர், வாழ்த்துமடல், வேப்பிலை எல்லாம். "குத்தாமலே குத்தினேன்னு சொன்னது எனக்கு அப்பவே தெரியும் சார். கொயந்த கையில தயும்பு இல்லியே" என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாராண்ட சொல்றது? பன்னெண்டு வயசுப் பொண்ணாண்ட போயி, உங்கப்பன் பொய் சொன்னாரு, அதான் கொயந்த பூட்சின்னு சொல்ல சொல்றீங்களா? அப்பன்னு ஒருத்தர் வோணாமா அதுக்கு? நீங்களே சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன். அப்புறம் நானும் சும்மாவே இருந்துட்டேன். அது என் தப்பு, அதுக்கு நான் ஜெபத்துல மன்னிப்புக் கேட்டுகினுதான் இருக்கேன்" என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அம்மாடி. நான் கேட்டதில்லை.

ஆமை அவளிடம்தான் இருந்தது. அன்று நான் வீசினதை எடுத்துப்போய், அம்மை வீட்டுச் சாமான் என்று வெந்நீரில் கொதிக்கவைத்து, நாலு நாள் வெயிலில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் கொடு, மகளுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். "எயுதினீங்களா?" என்றாள். எழுதப் போகிறேன் என்றேன். "எயுதி எடுத்துகினு வாங்க, அப்புறம் குடுக்கறேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையனைத் திருப்பி அனுப்புவதுபோல என்னை அனுப்பினாள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக நிதானமாகப் படித்தாள். முடித்துவிட்டு, "என்னை அன்னிக்கு இன்னா சொன்னீங்கன்னு எயுதலியே சார்" என்றாள். ஆமாம், நான் எழுதவில்லை. உனக்குச் செய்ததை எழுதும்போது அவளுக்குச் செய்தது எழுதத் தகுந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே அவள் படியில் உட்கார்ந்து எழுதினேன். மேலே 'அடுத்து எஸ்தரிடம் திரும்பினேன்' என்று ஆரம்பிக்கிற இடம் வேறு மையில் இருப்பது அதனால்தான், அவளுடைய பேனா. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். குடித்தேன். அதைக்கூட ஏதோ பெரிய காரியம் செய்ததாக நினைத்து எழுதுகிறேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிஸ்கட் டப்பாவில் வைத்து ஆமையைக் கொடுத்தாள். பச்சை வெளுத்துப்போய் இளநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் குமிழ் ஒன்றுகூடத் தளரவில்லை, நீ போட்ட முடிச்சு அப்படி. கால் மூன்றுதான் இருக்கிறது. நாலாவது கால் இருந்த இடத்தில் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. இத்தனை வருஷத்தில் நீயே ஒரு கால் போட்டிருக்கலாமே என்று எஸ்தரைக் கேட்டேன். "நான் போட்டா என் காலு. அது போடட்டும்" என்றாள். நீ ஜன்னலில் வைத்துவிட்டு வந்த அந்தக் கொக்கி ஊசியையும், அந்தப் பச்சைக்குக் கிட்டத்தட்ட ஒத்துவருகிற ஒரு நூலுருண்டையையும் டப்பாவில் போட்டுத் தந்தாள்.

அப்பன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்றிரண்டு சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. குழந்தை பிறந்தால் அம்மை குத்துகிற அன்றைக்கு நீயே தூக்கிக்கொண்டு போ. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனாலும் நீ போ. குத்தின இடத்தை நீ உன் கண்ணால் பார். அடுத்த தடவை என்று யார் சொன்னாலும், படித்தவர் சொன்னாலும், நம்பாதே. தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னால் நாலு திட்டோடு போகும். நான் அன்றைக்கு உன் மாமா முன்னால் சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும், உன் கை தப்பியிருக்கும். என் மானத்தைக் காப்பாற்ற உன் கையைக் கொடுத்துவிட்டேன். எந்த ஆமையும் எந்தக் குழந்தையையும் கொண்டுபோகாது, கண்ணு. தம்பியைக் கொண்டுபோனது நான் சொன்ன ஒரு பொய். நீ போட்ட பொம்மையைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான், இந்த வீட்டில் அவனுக்குக் கடைசியாகக் கிடைத்த நல்லது உன் கையிலிருந்து வந்ததுதான். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. உன் கையை நீ நம்பு, அது போதும்.

இன்று மத்தியானம் இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுங்கின வரிகளிலிருந்து ஆரம்பித்து எல்லாம். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வேப்பிலை வந்த இடத்தில் முறம் நின்றது. நான் முடித்ததும் டப்பாவைத் திறந்து ஆமையை எடுத்து, கால் இல்லாத இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பஞ்சை உள்ளே தள்ளினாள். தள்ளின பஞ்சு மறுபடி வெளியே வந்தது, மறுபடி தள்ளினாள். எழுந்து அடுக்களைக்குப் போய், புளிப்பானையைத் தூக்கி, அந்த ரோஸ் தாள்களை உருவி அடுப்பில் போட்டாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"தபால்ல போட வோணாம். நான் நாளைக்குக் காத்தால விழுப்புரம் போறேன் அவளாண்ட. நீங்க வர வோணாம்" என்றாள். சரி என்றேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து ஆமையோடு டப்பாவில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்து என்னிடமே நீட்டி, கடைசியில் இதையும் எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க படிச்சு நான் கேட்டதெல்லாம் போதும். இதுல இன்னும் இன்னா இன்னா முயிங்கி வெச்சிருக்கீங்களோ, யாருக்குத் தெரியும்? அவ படிக்கட்டும், நான் கேக்கறேன்."

அதனால் இந்தக் கடிதத்தை நீ உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அம்மாடி. பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக. காலை அப்புறம் போடலாம். முதலில் இதைப் படி. ஒரு வரியும் விடாதே.

உன் அப்பா